எதிர்காற்றில் முன்னால் சென்ற அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வரும் நவம்பர் 11 அன்று காலை நான் கான்ட்-சேன்-மர்த்தேன் கிராமத்திலிருந்து தூர் நகரை நோக்கி, லுவார் ஆறு ஓடும் திசைக்கு எதிராகச் சைக்கிளில் புறப்படுகிறேன். அப்பாவின் முதல் திதிக்கு நான் ஏன் பாரிஸுக்கு வரவில்லை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் பயணத்துக்கு உங்களை அழைக்கவில்லை என்பதை மட்டும் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பிறர் வாயால் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டால், நீங்கள் செய்ததற்கும் நான் செய்வதற்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நாம் இருவருமே இரண்டு வார்த்தை பேசுவதற்குள் குரலை உயர்த்திவிடுகிறோம். எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதினால் அத்தையும் சித்தப்பா பிள்ளைகளும் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் படிப்பார்கள் என்ற நினைப்பே என் நாக்கைக் கொஞ்சம் அடக்கிவைக்கும் என்று நம்பித்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் திசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சண்டை உண்மையில் அங்கேதான் தொடங்கியது. முன்பு நாம் இருவரும் இதே ஆற்றங்கரையில் சைக்கிளில் போனபோது, ஆறு மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது, நாமும் மேற்கே போனால் இறக்கம் நமக்குத் துணை வரும் என்பது உங்கள் கணக்கு. புளுவாவிலிருந்து சோமூர் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் ஆற்றின் மட்டம் சில பத்து மீட்டர்தான் தாழ்கிறது. அந்த இறக்கம் சைக்கிள் சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது. அட்லாண்டிக்கிலிருந்து பள்ளத்தாக்கு நெடுக ஏறி வரும் மேல்காற்றோ நாள் முழுவதும் நெஞ்சில் மோதும். இதை அப்பா முன்கூட்டியே சொன்னார். ரயில் வருவதற்கு முன் லுவாரில் சரக்குப் படகு ஓட்டியவர்கள் போகும்போது நீரோட்டத்தையும், திரும்பும்போது இந்த மேல்காற்றையும் நம்பியே பிழைத்தார்கள் என்றும், அகன்ற சதுரப் பாயை ஏற்றிவிட்டால் உப்பு மூட்டைகளோடு ஆற்றை எதிர்த்தே ஓர்லேயான் வரை போய்ச் சேர்வார்கள் என்றும், வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு அவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். கடல் முதல் நெவேர் நகருக்கு அருகில் உள்ள குய்ஃபி வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு நீளும் அந்தச் சைக்கிள் பாதையில் வழிகாட்டிப் பலகைகள் இரு திசைகளிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் திசையிலும் போகலாம் என்றுதான் அதைப் போட்டவர்களும் நினைத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் அப்படி நினைக்கவில்லை.

இருந்தாலும் அந்த நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஷாம்போர் கோட்டையின் இரட்டைச் சுழல்படியில் நீங்கள் ஒரு வழியாகவும் நான் மறுவழியாகவும் ஏறி, நடுத்தூணின் திறப்புகள் வழியே ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைத்ததும், உச்சிக்குப் போகும்வரை எங்கும் சந்திக்க முடியாமல் போனதும் நினைவிருக்கிறது. ஷெனோன்சோ கோட்டையில், ஷேர் ஆற்றின் குறுக்கே நிற்கும் அந்த நீண்ட கூடத்தின் மறுமுனைக் கதவருகே நின்று, 1940க்குப் பிறகு இந்த ஆறே எல்லைக்கோடாக இருந்ததென்றும், முன்வாசல் ஜெர்மானியர் பிடியிலும் இந்தக் கதவுக்கு வெளியே இருந்த கரை அவர்கள் பிடிக்கு அப்பாலும் இருந்ததென்றும் தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். அன்று உங்களைப் போல ஒரு வழிகாட்டி யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார். இதை எழுதும்போது எந்தக் கோபமும் இல்லை.

ஆம்புவாஸ் கோட்டையில் கதவு நிலை வந்த இடத்திலெல்லாம் நீங்கள் தலையைக் குனிந்து நடந்ததும் நினைவிருக்கிறது. எட்டாம் ஷார்ல் அரசன் 1498இல் அங்கே பந்தாட்டம் பார்க்கப் போகும் வழியில் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் இறந்துபோனான் என்ற கதையை உங்களால் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. நானும் சிரித்தேன். லாஞ்சே கோட்டை எதிர்க்கரையில் தெரிந்தபோதுதான் அந்தக் கதையின் மறுபாதி எனக்குத் தெரியவந்தது. அந்த அரசனை 1491இல் அங்கே மணந்த பிரெத்தாஞ் சீமாட்டி ஆனுக்கு அப்போது பதினான்கு வயது. ஆண் வாரிசில்லாமல் அரசன் இறந்தால் அடுத்து அரியணை ஏறுபவனையே அவள் மணக்க வேண்டும் என்று திருமண ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள்; நிலையில் நெற்றி இடித்ததன் பயனாக அவள் அப்படியே பன்னிரண்டாம் லூயியை மணந்தாள். அவள் நலனுக்காகத்தான் எழுதியதாக அவர்கள் சொல்லியிருப்பார்கள். இதை நான் அன்று உங்களிடம் சொல்லவில்லை, காற்றில் எதுவும் கேட்டிருக்காது.

அந்தக் காற்றைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். விலாந்திரியைத் தாண்டி ஷேர் ஆறு லுவாரோடு கலந்த பிறகு, பாதை தென்கரையின் வெள்ளத்தடுப்பு மேட்டின்மேல் ஏறிவிடுகிறது. இடைக்காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக உயர்த்திக் கட்டப்பட்டும், 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களைத் தடுக்க முடியாமல் பல இடங்களில் உடைந்தும், மறுபடி அடைக்கப்பட்டும் இந்தப் பள்ளத்தாக்கு நெடுகக் கிடக்கும் கரைகளில் அதுவும் ஒன்று. மேலே ஒரு கார் போகும் அளவுக்குத் தார்ச்சாலை. வலப்பக்கம் மணல்திட்டுகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடும் ஆறு. இடப்பக்கம் மேட்டுக்குக் கீழே வீடுகள், அவற்றின் கரும்பலகைக்கல் கூரைகள் ஏறக்குறைய நம் கண்மட்டத்தில். வண்டி நடமாட்டம் அநேகமாக இல்லை. பிரேயெமோன் வருவதற்கு முன்பே என் கால்கள் ஓய்ந்துவிட்டன, தலையைத் தூக்கினால் கண்ணில் நீர் வந்தது. நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் எனக்கு முன்னால் வந்து, உங்கள் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி இருக்கும்படி வேகத்தைக் குறைத்து, அப்படியே போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் சட்டையின் முதுகில் உப்பு பூத்து, வெள்ளைக் கோடு ஒன்று தோளிலிருந்து இடுப்புவரை இறங்கியிருந்தது. சாலையில் குழி வந்தால் இடக்கையைக் கீழே தாழ்த்தி விரலால் காட்டினீர்கள். சரளைக்கல் வந்தால் உள்ளங்கையை விரித்து அசைத்தீர்கள். ஊசே கோட்டையின் வெண்ணிறக் கோபுரங்கள் காட்டுக்கு முன்னால் தெரியும்வரை, எதிர்காற்று முழுவதையும் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அப்பா எனக்குச் சைக்கிள் பழக்கியபோது இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததற்குப் பிறகு, அவ்வளவு பத்திரமாக நான் எந்தச் சாலையிலும் போனதில்லை.

ஆனால் அண்ணா, முன்னால் செல்பவர்தான் எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்று முடிவுசெய்கிறார். லாஞ்சே தொங்குபாலத்தைக் கடந்து அந்தக் கோட்டைக்குப் போகலாம் என்று நான் பின்னாலிருந்து கூப்பிட்டது உங்கள் காதில் விழவில்லை என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கான்டில், தேவாலயத்துக்கு மேலே ஏறிப் போனால் வியென் ஆறு லுவாரில் கலப்பது முழுவதும் தெரியும் அந்த மேட்டில் நின்றுகொண்டு, புனித மர்த்தேனின் கதையை நீங்கள் சொன்னீர்கள். 6ஆம் நூற்றாண்டில் தூர் நகரின் ஆயராக இருந்த கிரெகோரி எழுதிவைத்த கதை. 397ஆம் ஆண்டு நவம்பரில் மர்த்தேன் இந்த ஊரில் இறந்ததும், உடல் எங்களுக்கே என்று போய்த்தியே ஊராரும் தூர் ஊராரும் அறைக்குள் உட்கார்ந்து பகல் முழுதும் வாதிட்டார்கள். நள்ளிரவில் போய்த்தியே ஊரார் கண்ணயர்ந்தபோது, தூர் ஊரார் உடலைச் சன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றி, வியென் வழியாக லுவாருக்குள் நுழைந்து, பாட்டுப் பாடிக்கொண்டு மேல்நோக்கிப் போய்விட்டார்கள். பாட்டுச் சத்தத்தில்தான் மற்றவர்கள் விழித்தார்கள். படகு போன வழியெங்கும் நவம்பர் மாதத்தில் பூ பூத்தது என்பது பின்னால் சேர்ந்த நம்பிக்கை. அந்த நாட்களில் வரும் இளவெயிலை இன்றும் இங்கே மர்த்தேன் கோடை என்கிறார்கள்.

கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அப்பாவைப் பற்றி நீங்கள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். அது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவின் பெயர் இந்தச் சண்டையில் இழுபடக் கூடாது என்று அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணிக்காக அதை மதிக்கிறேன். உறவினர்கள் அவரவருக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்ளட்டும். நீங்கள் இரவு விமானம் ஏறிய அன்று நான் பணி முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். “நீ களைத்திருந்தாய், உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தேன்” என்றீர்கள். நீங்கள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. பிரேயெமோன் கரையில் என் முன்னால் வந்து நின்றதும் இதே நினைப்பினால்தான். அங்கே நான் நன்றியோடு உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இங்கேயும் அப்படியே வந்திருப்பேன் என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள்.

அன்று தொலைபேசியில் நான் பேசிய சொற்களுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெதுவாகப் பேசியிருப்பேன், ஆனால் வேறு எதையும் பேசியிருக்க மாட்டேன். மருத்துவமனையில் அத்தனை இரவுகள் நாற்காலியிலேயே கிடந்தவர் நீங்கள் என்பதையும், நான் ஓர்லேயானிலிருந்து வார இறுதியில் மட்டுமே வந்தேன் என்பதையும் நான் மறக்கவில்லை. அதை ஒவ்வொரு முறையும் அத்தை வழியாக எனக்கு நினைவூட்டவும் வேண்டாம்.

ஆகவே நான் எதிர்த்திசையில் போகிறேன். முந்தைய நாள் ரயிலில் சோமூரில் இறங்கி, துர்க்கான் ஊரின் குகைவீடுகளையும் மோன்சொரோவையும் கடந்து கான்டில் தங்குவேன். மறுநாள் வியென் பாலத்தைத் தாண்டியதும் காற்று முதுகில் இருக்கும் என்று நம்புகிறேன். நவம்பரில் ஐந்தரை மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் ஊசேயிலும் விலாந்திரியிலும் நிற்காமல், சேன்ட்-மோர் பாற்கட்டியும் ரொட்டியும் கையில் எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் தூர் போய்ச் சேர வேண்டும். அந்தப் பாற்கட்டியின் நடுவே செருகியிருக்கும் ரை தானிய வைக்கோலை அப்பாவுக்காக நீங்கள் உருவி எடுத்துக் கொடுப்பீர்கள். இப்போது கடையில் அதைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. மாலையில் மர்த்தேன் பேராலயத்தின் நிலவறைக்குள் அவர் கல்லறை இருக்குமிடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். அன்று அவருடைய திருநாள், கூட்டம் இருக்கும். அப்பாவுக்கு அந்த மதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

அடுத்த கோடையில் வருவதற்கு உங்களுக்கு விருப்பம் இருந்தால், நாந்த் நகரில் தொடங்கிக் கிழக்கு நோக்கிப் போவோம். நான் முன்னால் செல்வேன். காற்று பின்னாலிருந்து வரும்போது முன்னால் செல்வது பெரிய காரியமா என்று கேட்பீர்கள்; இல்லைதான், ஆனாலும் நான்தான் முன்னால் செல்வேன். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எந்தக் கோட்டைக்குள் நுழைவது என்று நான் சொல்வேன், நீங்கள் ஒருமுறைகூடத் திருத்தக் கூடாது. சம்மதம் என்றால் அண்ணியிடம் சொல்லியனுப்புங்கள், நேராக அழைக்க வேண்டாம், இன்னும் சில வாரங்களுக்காவது. உங்கள் சைக்கிளின் பக்கப்பைகள் இரண்டும் என் வீட்டில்தான் இருக்கின்றன. இந்தப் பயணத்துக்கு எனக்கு அவை வேண்டும். முடிந்ததும் கழுவி வைக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை