லேனியர் ஏரியில் எங்கள் படகைப் பிடித்து நிறுத்தியவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து லேனியர் ஏரியில், ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் பாண்டூன் படகை (அலுமினியக் குழாய்களின் மேல் மிதக்கும் தட்டைப் படகு) நிறுத்திவிட்டு, நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் தண்ணீரில் இறங்கியிருந்தோம். படகில் அத்தை மட்டும் இருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நங்கூரம் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் நாங்கள் நீந்திக்கொண்டிருந்தபோது, "ஏம்மா, கரை நகருதே" என்று அத்தை கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன். படகுதான் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒரு மணி நேரத்திலும் அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்காகத்தான் இந்த மடல். கம்மிங், ஆல்ஃபரெட்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் கோடையில் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இதே ஏரிக்குப் போகிறார்கள். அதனால் நன்றியோடு நான் கற்றுக்கொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நன்றி பக்கத்துப் படகில் இருந்த பெரியவருக்கும் அவர் மனைவிக்கும். உங்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். என் கணவர் படகைத் துரத்தி நீந்தத் தொடங்கியதும், நீங்கள் போட்ட முதல் சத்தமே "நீந்தாதே, நில்" என்பதுதான். காற்று தள்ளும் படகை மனிதன் நீந்திப் பிடிக்க முடியாது, களைத்துப்போய் நடுவில் மூழ்கத்தான் முடியும் என்று அப்புறம் விளக்கினீர்கள். அவர் அப்போது லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஜார்ஜியா சட்டப்படி, ஓடும் படகில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதைப் போட்டே ஆக வேண்டும். பிள்ளைகளுக்குப் போட்டிருந்தோம். பெரியவர்கள் நாங்கள் போடவில்லை. இப்போது தண்ணீரில் இறங்கினால் எல்லோருக்கும் உண்டு.

எங்கள் படகு போன திசையில் ஆரஞ்சு நிறச் சாய்சதுரம் போட்ட வெள்ளை மிதவை ஒன்று நின்றது. அபாயம் என்பதற்கான அடையாளம் அது. அங்கே தண்ணீருக்குள் திட்டு இருந்தது. நீங்கள் அவசரப்படாமல், நீந்திக்கொண்டிருந்த எங்களை விட்டு நன்றாக விலகி, ஒரு சுற்றுச் சுற்றிப் படகின் முன்பக்கம் வந்தீர்கள். அத்தையிடம் கயிற்றை வீசி, முன்பக்கத்துக் கிளீட்டில், அதாவது கயிறு கட்டும் கொம்பில், எப்படிச் சுற்ற வேண்டும் என்று கையாலேயே காட்டினீர்கள். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத அத்தை, கிணற்றுக் கயிறு பிடித்துப் பழகிய கையால் அப்படியே சுற்றி இறுக்கிவிட்டார். நீங்களும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டியதை நான் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சி எனக்கு மறக்காது.

அந்த நேரம் முழுக்க எங்கள் பிள்ளைகளோடு நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்த கயாக் பெண்ணே, பெயர்கூடக் கேட்க மறந்துவிட்டேன். நீ அங்கே இருந்ததால்தான் என் மகள் அழவில்லை.

படகு ஏன் நிற்கவில்லை என்பதைப் பெரியவர் எங்கள் நங்கூரத்தை மேலே இழுத்துக் காட்டித்தான் புரியவைத்தார். வாடகைக்குக் கொடுத்தவர்கள் படகில் வைத்திருந்தது காளான் வடிவ நங்கூரம், அதோடு 25 அடிக் கயிறு. நாங்கள் நின்ற இடத்தில் ஆழம் 15 அடி. கயிறு தரையோடு படியாமல் மேல்நோக்கியே இழுத்தது, அதனால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைத் தரையிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. பாண்டூன் படகு அகலம், தட்டை, அதற்கு மேல் துணிக்கூரை வேறு. காற்றுக்கு அது பாய் மாதிரி. அதனால் நங்கூரத்தின் கனத்தைவிட, கயிறு சாய்வாகக் கிடந்து அதைத் தரையோடு தரையாக இழுப்பதுதான் முக்கியம் என்றார். ஆழத்தோடு, தண்ணீருக்கு மேல் படகின் முன்பக்கம் நிற்கும் உயரத்தையும் கூட்டி, அதைப்போல ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். ஆழம் 10 அடி, முன்பக்க உயரம் 2 அடி என்றால் 84 அடி. காற்றில்லாத நாளில் படகிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஐந்து மடங்கு போதும்.

பிறகு தன் உதிரி நங்கூரத்தை எடுத்தார். இரண்டு கூர்மையான மடல்கள் உள்ள வகை, சேற்றிலும் மணலிலும் குத்தி இறங்கும். அதற்கும் கயிற்றுக்கும் நடுவே ஐந்தடிச் சங்கிலி. அந்தச் சங்கிலியின் கனம்தான் இழுப்பைத் தரையோடு படியவைக்கிறது. எங்களையே செய்யவைத்தார். முதலில் கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. காற்றை எதிர்த்து மெதுவாகப் போய் நிற்பது. நங்கூரத்தை வீசி எறியாமல் முன்பக்கத்திலிருந்து கை மேல் கையாக இறக்குவது. படகைப் பின்னால் போகவிட்டுக் கயிற்றைக் கொடுத்துக்கொண்டே வந்து, கிளீட்டில் கட்டி, ரிவர்ஸில் லேசாக இழுத்துப் பார்ப்பது. கயிறு விறைத்து, படகு சட்டென்று நின்றபோது அந்தப் பிடிப்பு என் காலுக்குக் கீழே தெரிந்தது. கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டுக் கூரையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் அவர் மனைவி. கோடு கலைந்தால் படகு நகர்கிறது. அன்று மாலை முழுக்க அத்தை அந்த மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

பின்பக்கத்தில் மட்டும் நங்கூரம் கட்டி நிறுத்தவே கூடாது என்பதை அவர் மூன்று முறை சொன்னார். மோட்டார் பாரத்தால் அந்தப் பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். பெரிய படகு ஒன்று கிளப்பும் அலை வந்தால் தண்ணீர் நேரே உள்ளே ஏறும்.

அடுத்த நன்றி, எங்கள் தெருவில் இருக்கும் தூத்துக்குடி அண்ணனுக்கு. நடந்ததைக் கேள்விப்பட்டதும், "அடுத்த சனிக்கிழமை என் படகுல வாங்க, கரையேத்தக் கத்துத் தர்றேன்" என்றார். அவர் அப்பா கடலுக்குப் போனவர். படகின் முன்பக்கத்தை அண்ணன் இன்னும் அணியம் என்றுதான் சொல்கிறார், என் பிள்ளைகளும் இப்போது அப்படியே சொல்கிறார்கள். அதற்குத் தனி நன்றி அண்ணா.

கரையேற்றுவதை நாங்கள் எளிது என்று நினைத்திருந்தோம், மணலில் கொண்டுபோய் முட்ட வேண்டியதுதானே என்று. அண்ணன் முதலில் ஏரியைப் பற்றித்தான் பேசினார். 1950களில் சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே புஃபர்ட் அணை கட்டியபோது குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் மூழ்கி உண்டான ஏரி இது. கரை சட்டென்று ஆழமாகும், அடியில் மரக்கட்டைகளும் பாறைகளும் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 1071 அடி என்பது கோடையில் ஏரி நிறைந்திருக்கும்போது உள்ள அளவு. மழை குறைந்தால் நீர்மட்டம் இறங்கும், போன மாதம் படகு சுகமாக மிதந்த இடத்தில் கட்டை தலைநீட்டும். அதனால் அணியத்தில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், துடுப்பால் குத்தி ஆழம் பார்க்க வேண்டும். காற்று கரையை நோக்கி பலமாக அடித்தால் அன்றைக்கு அங்கே ஏற்ற வேண்டாம். மிதவைக் கயிறு கட்டிய குளிக்கும் இடங்களுக்குள் போகவே கூடாது.

அப்புறம் செய்து காட்டினார். கரைக்கு ஐம்பது, அறுபது அடி இருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து ஒரு நங்கூரத்தை இறக்கி, மிக மெதுவாகக் கரையை நேர்செங்குத்தாக நோக்கி வந்தார். பின்கயிற்றைக் கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என் வேலை. அது தொய்ந்தால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும் என்பதால் கண்ணை எடுக்கவில்லை. கரை நெருங்கியதும் நியூட்ரல், பிறகு மோட்டாரை அணைத்து மேலே தூக்கிவிட்டார். மிச்சத் தூரத்தைப் படகு தானாகவே மிதந்து போய் மணலைத் தொட்டது. மோட்டார் நிற்கும் முன் யாரும் இறங்கக் கூடாது என்பதில் அண்ணன் கறாராக இருந்தார். மோட்டார் ஓடும்போது பின்னாலுள்ள ஏணிப் பக்கம் பிள்ளைகள் நிற்கவும் விடமாட்டார். புரொப்பெல்லர் மட்டும் காரணமில்லை, அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும்தான்.

என் கணவர் இறங்கி முன் நங்கூரத்தைக் கரைமேல் கொண்டுபோய் மணலில் புதைத்தார். பின்கயிற்றை நான் இழுத்து இறுக்கினேன். முன்னும் பின்னும் பிடித்த படகு பக்கவாட்டில் திரும்பவே இல்லை. பெரிய படகுகளின் அலை வந்து மோதும்போதெல்லாம் அலுமினியக் குழாய்கள் இன்னும் கொஞ்சம் மணலேறும் என்று அண்ணன் அரைமணிக்கு ஒருமுறை போய் அசைத்துப் பார்த்தார். கிளம்பும்போது எல்லோரையும் பின்பக்கம் போகச் சொல்லி, முன்பக்கத்தை ஒரு தள்ளு தள்ளி, பின்கயிற்றை இழுக்கச் சொன்னார். மோட்டாரே இல்லாமல் படகு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனது. என் மகன் கைதட்டினான். கயிறும் நங்கூரமும் முழுக்க மேலே வந்த பிறகுதான் மோட்டாரைத் தொட்டார்.

இரண்டு சனிக்கிழமைகளை எங்களுக்காகக் கொடுத்தீர்கள் அண்ணா. நான்கு முறை தவறாகக் கரைக்கு வந்தேன், நான்கு முறையும் "சரி, திரும்பப் போய் வா" என்று மட்டும் சொன்னீர்கள். ஐந்தாவது முறை சரியாக வந்தது. எல்லோருக்கும் புளியோதரையும் வடகமும் கட்டிக்கொண்டு வந்த அண்ணிக்கும் நன்றி.

பெரியவரின் நங்கூரத்தைத் திருப்பிக் கொடுக்க ஆகஸ்டில் அவர் படகுத்துறைக்குப் போனோம். செம்மண் சேறு போகக் கழுவித் துடைத்து எடுத்துப் போயிருந்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?" என்றுதான் கேட்டார். அத்தை ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவருக்காகச் செய்து வைத்துவிட்டுப் போன முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். நங்கூரம் இப்போது எங்கள் கராஜில் இருக்கிறது, 100 அடிக் கயிறு கட்டி. இந்தப் பக்கம் படகு எடுக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போகலாம்.

நிறைந்த நன்றியுடன்,
ஃபோர்சைத் கவுண்டியிலிருந்து ஒரு குடும்பம்