புதன்கிழமையை வெட்டாதீர்கள்: சென்னை ஹோம்ஸ்கூலிங் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூன் முதல் நம் பிள்ளைகளின் புதன்கிழமை வெளிச்சுற்றை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. மூத்த பிள்ளைகளுக்கு 14 வயது ஆகப்போகிறது. என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயது. கவலை நியாயம்தான். ஆனால் கத்தரிக்க வேண்டும் என்றதும் முதலில் கண்ணில் படுவது ஓவியமும் கவிதையும் செடி, பறவை பார்ப்பதும்தானா? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார் என்று கேலி பேசிக்கொண்டுதானே நாம் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தோம்!

இவை மூன்றும் தனித்தனிப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கிக் கட்டுப்படியாகாது என்று நினைப்பதில்தான் சிக்கல். கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் கடற்கரையில் மணல் மிஞ்சியிருக்கும் இடங்களில் அடும்பங்கொடி படர்ந்திருக்கும். ஊதா கலந்த ரோஜா நிறப் பூ. அதை வரையச் சொன்னால் பிள்ளைகள் அவசரத்தில் வெற்றிலை மாதிரி ஒரு இலையைப் போட்டுவிட்டு அலையில் கால் நனைக்க ஓடிவிடுவார்கள். எங்கள் மகளும் அப்படித்தான் போட்டாள். வீட்டுக்கு வந்து குறுந்தொகையின் 243ஆம் பாட்டை வாசித்தோம். ‘மானடி அன்ன கவட்டிலை அடும்பின்’ என்று தொடங்கும். மானின் குளம்பு போல நுனியில் பிளந்த இலை. கிண்டி சிறுவர் பூங்காவில் மானின் காலைப் பார்த்த பிள்ளை அவள். நோட்டை எடுத்து அழித்துவிட்டு, அடுத்த முறை கடற்கரைக்குப் போனபோது இலையைக் கையில் வைத்துக்கொண்டு பிளவை வரைந்தாள். அந்தப் பாட்டில் வளையல் போட்ட பெண்கள் அந்தப் பூவைக் கோதி மணலில் விளையாடுகிறார்கள். கடைசியில் தலைவி, தன் காதலனை இனி நினைக்க மாட்டேன், என் கண்கள் கொஞ்சம் தூங்கட்டும் என்கிறாள். ‘ஏம்மா அவளுக்குத் தூக்கம் வரலை?’ என்று பத்து வயதுப் பெண் கேட்டதற்கு நான் சொல்லிச் சமாளித்த பதில் இங்கே வேண்டாம்.

தாவரவியல், தமிழ், ஓவியம் மூன்றும் அந்த ஒரே கொடியில் முடிந்தன.

நம்மில் பலர் பின்பற்றும் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வெளியே போ, பார்த்ததை நோட்டில் வரை, ஒரு ஓவியரின் படங்களை ஒரு பருவம் முழுக்க நிதானமாகப் பார், கவிதை வாசி. நல்ல முறை. ஆனால் அவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுதியவர். அவர் ஊரின் டாஃபடில் பூவையும் சேர்த்து நாம் ஏன் பிரின்ட் எடுத்து ஒட்ட வேண்டும்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் எத்தனை பூவை அடையாறிலும் மயிலாப்பூரிலும் நேரில் காட்ட முடியும் என்று தேடிப் பாருங்கள், ஒரு வருடப் பாடம் கிடைக்கும்.

‘எங்களுக்கே ஓவியம், சிற்பம் எதுவும் தெரியாதே’ என்று சிலர் தயங்குகிறீர்கள். தெரிய வேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். எல்லாக் கூடத்தையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டிக் காலை ஒடிக்காதீர்கள். அவர் முன்னால் மட்டும் அரை மணி நேரம் உட்காருங்கள். தூக்கிய காலையோ ஒரே ஒரு கையையோ பிள்ளை வரையட்டும். முதலில் மெழுகில் செய்து, மண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள் என்று சொன்னால் போதும், அறிவியல் கேள்விகள் தானாக வரும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, மறந்துவிடாதீர்கள். இஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும் நமக்கு எட்டும் தூரம்தான்.

நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய சொத்து நேரம். காலை ஏழரைக்கு வேனுக்காக யாரும் தெருமுனையில் நிற்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் நாட்களில், மாணவர் தன்னார்வலர்கள் 1988 முதல் நடத்தும் இரவு நடையில் நம் பிள்ளைகள் விடிய விடிய நடக்கலாம், மறுநாள் பத்து மணி வரை தூங்கலாம். மார்கழியில் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது, அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டமில்லாத வார நாளில் போகலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு டியூஷன் மேசையில் உட்கார வைப்பதாக இருந்தால், பேசாமல் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம். பஸ் வசதியாவது இருக்கும்.

தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குக்குத் திங்களும் வெள்ளியும் வைத்துக்கொள்வோம், என் பங்குக்கு வெள்ளிக்கிழமை வகுப்பை நானே எடுக்கிறேன். இன்னொன்று: என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் ஓவியமே ஒரு பாடம், செய்முறைத் தேர்வோடு. ஐந்து பாடங்களில் ஒன்றாக அதை எடுக்க விரும்பும் பிள்ளைகள் யார் யார் என்று பதிவு தொடங்கும் முன் சொல்லுங்கள். ஆறேழு பேர் சேர்ந்தால், சொல்லித்தர ஒரு ஓவியரைப் பார்த்துப் பேசி, சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து ஒரு அம்மா