சங்கத்து அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்: அடுத்த 12(3) சம்பள ஒப்பந்தத்துல எங்களையும் சேத்து எழுதுங்க

கப்பலூர் பக்கம் நம்ம ரப்பர் கம்பெனியில பர்மனென்ட் சங்கத்தை நடத்துற அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். கம்பெனி பேரு, உங்க பேரு, என் பேரு எதுவும் போடல, படிச்சா உங்களுக்கே தெரியும். மேனேஜ்மெண்டுக்கு எழுதாம எங்களுக்கு ஏன்டா எழுதுறன்னு கேப்பீங்க. அவய்ங்க தெரியாமயா செய்றாய்ங்க, எல்லாம் தெரிஞ்சுதான் செய்றாய்ங்க. கேக்குற இடத்துல இருக்கது நீங்கதான்ணே.

டெம்பரரி ஆளுக எங்களுக்கு பதினோரு மாச காண்ட்ராக்ட் முடிஞ்சா என்ன நடக்கும்னு உங்களுக்கு தெரியும். கேட்ல செக்யூரிட்டி ஐடி கார்டையும் சேஃப்டி ஷூவையும் வாங்கி வச்சுக்குவாரு, ஹெச்ஆர்ல "கணக்கு முடித்துக்கொண்டேன், பாக்கி ஏதும் இல்லை"ன்னு ஏற்கனவே டைப் அடிச்சு வச்ச பேப்பர்ல ஒரு கையெழுத்து, அப்புறம் அஞ்சாறு நாள் வீட்ல, திரும்ப வந்தா புது டோக்கன் நம்பர், அதே பிரஸ், அதே மோல்டு, அதே சூப்பர்வைசர் வையிற அதே வசவு. அந்த அஞ்சாறு நாளும் பிரஸ் சும்மா கிடக்கல, உங்கள்ல யாராச்சும் ஓவர்டைம் பாத்து ஓட்டுறீங்க. கோவிச்சுக்காதீங்க, உள்ளதத்தான் சொல்றேன்.

ஏட்டுல நாங்க எப்பவும் புது ஆளு. ஆனா போன்ல பிஎஃப் கணக்கை திறந்து பாத்தா ஒரே யுஏஎன் நம்பருக்கு (ஆளுக்கு ஒண்ணுன்னு குடுக்குற பிஎஃப் நம்பர்) கீழ இதே கம்பெனி பேர்ல நாலஞ்சு மெம்பர் ஐடி வரிசையா நிக்குது, சேந்த தேதி, விட்ட தேதி, மறுபடி சேந்த தேதின்னு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

1981-ல நம்ம தமிழ்நாட்டுல போட்ட நிரந்தரத் தகுதி சட்டம் இருக்குல்ல, 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ந்து வேலை பாத்தவனை பர்மனென்ட் ஆக்கணும்னு, மாசம் 26 டூட்டின்னு வச்சாலும் 19-வது மாசத்துல 480 தாண்டிரும். நடுவுல பிரேக் இருக்கேன்னு ஹெச்ஆர் சொல்வாரு. தொழிலாளி மேல தப்பு இல்லாம வேலை நின்னா சர்வீஸ் அறுந்ததா ஆகாதுன்னு அதே சட்டம் 3-வது பிரிவுல இருக்கு, கார்டை வாங்கி வச்சுட்டு வீட்டுக்கு போன்னு சொன்னது எங்க தப்பா? உங்கள்ல சீனியர் ஆளுக இந்த 480-ஐ வச்சுத்தான் பர்மனென்ட் வாங்குனீங்கன்னு கேன்டீன்ல நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கீங்க.

ஹெச்ஆர் பிடிச்சு தொங்குறது வேற ஒண்ணு, 1947 தொழில் தகராறு சட்டத்துல 1984-ல சொருகுன உட்பிரிவு, காண்ட்ராக்ட் தேதி முடிஞ்சு புதுப்பிக்கலைன்னா அது ஆட்குறைப்பு இல்லைன்னு. சரி, ஆனா அதே சட்டத்து 5-வது அட்டவணையில 10-வதா என்ன இருக்கு? பர்மனென்ட் உரிமை போய்ச் சேரக்கூடாதுன்னே பதிலி, கேசுவல், டெம்பரரின்னு ஆளை வருஷக்கணக்கா வச்சிருக்கது நியாயமில்லாத தொழில் நடைமுறைன்னு இருக்கு. இவரு ஒரு பக்கத்தை மட்டும் படிச்சுட்டு வந்து பேசுறாரு.

இப்ப 2025 நவம்பர் 21-ல இருந்து புது கோடு, அதாவது புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வந்துருச்சு, பழசெல்லாம் போச்சுன்னு ஒரு பேச்சு ஓடுது. தொழில் உறவுகள் கோடு ரத்து பண்ணது மூணு மத்திய சட்டத்தை, 1926 தொழிற்சங்க சட்டம், 1946 நிலையாணை சட்டம், 1947 தகராறு சட்டம். நம்ம 1981 சட்டம் அந்த லிஸ்ட்ல இல்ல. அந்த 10-வது ஐட்டமும் புது கோட்டோட 2-வது அட்டவணையில அப்படியே உக்காந்திருக்கு. ஃபிக்ஸட் டெர்ம், அதாவது முடியுற தேதி வச்சு எடுத்த ஆளுக்கும் அதே வேலைக்கு பர்மனென்ட் ஆளுக்குள்ள சம்பளம், சலுகை குறையக்கூடாது, ஒரு வருஷம் முடிச்சா கிராஜுவிட்டி உண்டுன்னும் அதுலயே இருக்கு. ஒரு வருஷம் முடிச்சா. நம்ம காண்ட்ராக்ட் எத்தனை மாசம்? பதினொண்ணு. கணக்கு புரியுதா அண்ணே.

பொம்பளைங்க பாடு இன்னும் மோசம். ட்ரிம்மிங்ல இருந்த ஒரு தங்கச்சிக்கு ஆறாவது மாசம்னு தெரிஞ்சதும் அடுத்த காண்ட்ராக்ட் வரவே இல்ல. காண்ட்ராக்ட் காலம் முடிஞ்சாலும் பேறுகால பலன் குடுக்கணும்னு 2023-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, அதை எடுத்துட்டு போய் பேச அந்த புள்ளைக்கு யாரு இருந்தா?

போன சம்பள ஒப்பந்தத்தை பழைய தகராறு சட்டத்து 18(1)-வது பிரிவுல முடிச்சீங்க, கையெழுத்து போட்ட சங்கத்தையும் கம்பெனியையும் மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். லேபர் ஆபீசர் முன்னாடி 12(3)-ல போட்ருந்தா யூனிட்ல இருக்க எல்லா தொழிலாளிக்கும் சேந்துருக்கும். புது கோட்டுல செக்‌ஷன் நம்பர் மாறிருச்சு, ஆனா நம்ம வாய்ல அது என்னைக்கும் 12(3)தான். டெம்பரரி ஆளுகளை உள்ள விட்டா நம்ம இன்கிரிமென்ட் குறையும்னு உங்கள்ல சிலருக்கு பயம் இருக்கு, இல்லைன்னு சொல்லாதீங்க. ரிட்டயர் ஆகுற ஒவ்வொரு பர்மனென்ட் சீட்லயும் எங்கள மாதிரி ஒருத்தனத்தான் உக்கார வைக்கிறாய்ங்க, பஸ்ல பாத்தாலே தெரியுதே. ஒண்ணுக்கு மேல சங்கம் இருக்க இடத்துல மஸ்டர் ரோல்ல (வருகைப் பதிவேட்டுல) உள்ள ஆளுல 51 சதவீதம் யார்கிட்டயோ அவங்கதான் தனியா பேசுற சங்கம்னு புது கோடு சொல்லுது. நாளைக்கு மேனேஜ்மெண்டே ஒரு சங்கத்தை ஆரம்பிச்சு எங்கள கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?

அதனால கேக்குறது இதுதான். பைலாவை மாத்தி எங்களுக்கும் மெம்பர்ஷிப் குடுங்க, சந்தா எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டுறோம். 1981 சட்டத்து விதிப்படி கம்பெனி வச்சிருக்க வேண்டிய படிவம் 1 பதிவேட்டை சங்கம் லெட்டர்பேட்ல எழுதிக் கேளுங்க, அதுல பேரு விட்டுப்போனவங்க இன்ஸ்பெக்டர்கிட்ட மனு குடுக்க வழி இருக்கு. நாங்க தனியா குடுத்தா அடுத்த பதினோரு மாசம் எங்களுக்கு கிடையாது, நீங்க குடுத்தா உங்கள வெளிய அனுப்ப முடியாது.

பதிலை வாட்ஸப் குரூப்ல போடாதீங்க, அதுல நாங்க இல்ல. கேன்டீன் பக்கத்து போர்டுல ஒட்டுங்க, எல்லா ஷிஃப்ட் ஆளும் பாப்போம்.

இப்படிக்கு,
மோல்டிங், ட்ரிம்மிங் டெம்பரரி ஆளுக