தோத்துப் போற வழியையும் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட கல்வி இணைப்புல எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும், கோடிங் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தொடர்ந்து போடுறீங்க, பசங்களுக்கு உபயோகமா தான் இருக்கு, ஆனா ஒரு விஷயம் மட்டும் அதுல வரவே மாட்டேங்குது, எழுதின ப்ரோக்ராம் பாதி வழில தோத்துப்போனா என்ன பண்ணணும்ங்கிறது. நான் லினக்ஸ் கெர்னல்ல, அதாவது லினக்ஸோட மையப் பகுதில, ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் வேலை பாக்குறவன், புதுசா சேர்ற பசங்க எழுதுற டிரைவர் (ஹார்டுவேர கெர்னலோட சேத்து வைக்கிற ப்ரோக்ராம்) கோட ரிவ்யூ பண்றதும் என் வேலை தான், அதனால இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

லேப்டாப்போ போனோ சும்மா இருக்கும்போது ப்ராசஸர் தூங்கப் போயிடும். லேசான தூக்கம்னா சி1, ரொம்ப ஆழமான தூக்கம்னா சி6 இப்படி நிலை நிலையா இருக்கு, ஆழமா தூங்குனா கரண்ட் மிச்சம், ஆனா எழுந்திரிக்க கூடுதலா நேரம் பிடிக்கும். எப்போ எவ்ளோ ஆழம் போகலாம்னு கெர்னல்ல சிபியூஐடில்னு ஒரு பகுதி முடிவு பண்ணும். சாதாரண லேப்டாப்ல என்னென்ன நிலை இருக்குன்னு பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற ப்ரோக்ராம்) ஏசிபிஐங்கிற பொது முறைப்படி எழுதின டேபிள் வழியா சொல்லும், பூட் ஆகும்போது டிரைவர் அத படிச்சு சரிபார்த்து கெர்னல்ட்ட பதிவு பண்ணும், அத தான் ரெஜிஸ்டர்னு சொல்றோம். இந்த செட்டப்ல ஒரு படி சறுக்குனா என்ன ஆகும்?

பெரும்பாலும் மெஷின் க்ராஷ் ஆகாது, அது தான் இதுல பெரிய தொல்லை. நம்ம சாதாரண இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்ல ஐடில் டிரைவர் ஏறலைன்னா கெர்னல் லேசான தூக்கத்த மட்டும் வெச்சு சமாளிச்சுக்கும், ஸ்க்ரீன் வரும், எல்லாம் ஓடும், ஆனா ஆழமான தூக்கம் கிடைக்காது, சூடு ஏறும், ஃபேன் கத்தும், பேட்டரி சீக்கிரம் காலியாகும், மெஷின் வெச்சிருக்கிறவர் பேட்டரி போச்சு போலன்னு புதுசு வாங்கப் போவாரு. கோட்ல எங்கயோ ஒரு எரர் நம்பர் வந்து அத யாரும் கண்டுக்காம விட்டது அவருக்கு எப்படி தெரியும்? லினக்ஸ்ல கெர்னல் தன் நிலவரத்த ஃபைல் மாதிரி காட்டுற சிஸ்எஃப்எஸ்ங்கிற இடத்துல சிபியூஐடில் ஃபோல்டருக்குள்ள கரண்ட் டிரைவர்னு ஒரு ஃபைல் இருக்கும், அத திறந்து பாத்தா ஏறியிருக்குற தூக்க டிரைவர் இன்டெல் ஐடிலா ஏசிபிஐ ஐடிலா இல்ல ஒண்ணுமே இல்லையான்னு தெரிஞ்சிடும், ஆனா அத போய் பாக்குறவங்க எத்தன பேரு.

நிஜமா நடந்த ஒண்ண சொல்றேன். ஏசிபிஐ ப்ராசஸர் டிரைவர்ல செட்டப் அப்போ இப்படி இருந்துச்சு, முதல் சிபியூ வரும்போது மொத்தத்துக்கும் சேத்து டிரைவர ஒரே ஒரு தடவ ரெஜிஸ்டர் பண்ணும், அப்புறம் ஒவ்வொரு சிபியூவுக்கும் தனித்தனியா ஒரு டிவைஸுக்கு (அந்த சிபியூவோட தூக்க விவரம் வைக்கிற பதிவு) மெமரி வாங்கி, அந்த சிபியூவோட இடத்துல அதோட அட்ரஸ எழுதி வெச்சு, விவரத்த நிரப்பி, கடைசியா டிவைஸ ரெஜிஸ்டர் பண்ணும். கடைசிப் படி தோத்தா, வேற எந்த சிபியூவும் இன்னும் ரெஜிஸ்டர் ஆகலைன்னா டிரைவர திரும்ப எடுத்துடணும்னு எழுதினவங்க யோசிச்சிருந்தாங்க, ஆனா வாங்கின மெமரிய திருப்பிக் குடுக்க விட்டுட்டாங்க, எழுதி வெச்ச அட்ரஸையும் அழிக்கல. உலகம் முழுக்க எவ்வளவோ சர்வர்லயும் லேப்டாப்லயும் ஓடுற கோட், பெரிய பெரிய ஆளுங்க பாத்த கோட், இது ரொம்ப வருஷமா அப்படியே கிடந்து 2025-ல தான் சரி பண்ணாங்க. திருத்தம்னு பாத்தா ரெண்டு வரி தான், அட்ரஸ அழி, மெமரிய விடு. கசிஞ்ச மெமரி கொஞ்சம் தான், நான் அத பெருசு பண்ணல. அந்த இடத்துல பழைய அட்ரஸ் மிச்சம் நிக்குது பாருங்க, பின்னாடி யாராவது சிபியூவ கழட்டுறப்போ எக்ஸிட் பண்ற கோட் இது ஒழுங்கா ரெஜிஸ்டர் ஆன டிவைஸ்னு நம்பி, எத்தன சிபியூ ரெஜிஸ்டர் ஆயிருக்குங்கிற கணக்க குறைச்சா, மத்த சிபியூ எல்லாம் இன்னும் உபயோகிச்சிட்டு இருக்குற டிரைவரையே கழட்டுற நிலைமை வரும், நான் பயப்படுறது அதுக்கு தான்.

பந்தல் போடுறவங்கள பாருங்க, கால் ஊணி, கட்டு கட்டி, மேல கீத்து போட்டா பிரிக்கும்போது முதல்ல கீத்து, அப்புறம் கட்டு, கடைசில தான் கால். கெர்னல்லயும் அதே விதி, எத வரிசையா செஞ்சியோ அத தலைகீழா பிரி, செஞ்சத மட்டும் பிரி, செய்யாதத தொடாத. இதுக்கு கெர்னல்காரங்க கோட்டூ (goto, ப்ரோக்ராம்ல பேர் வெச்ச ஒரு இடத்துக்கு நேரா தாவுற கட்டளை, அந்தப் பேர் தான் லேபிள்) உபயோகிக்கிறாங்க. காலேஜ்ல கோட்டூன்னு எழுதினாலே மார்க் போயிடும், 1968-ல டிக்ஸ்ட்ராங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதின லெட்டர்ல ஆரம்பிச்ச பேச்சு அது, கண்ட இடத்துக்கும் தாவுற கோட்டூவ அவர் எதிர்த்தது நியாயம் தான். ஆனா ஃபங்ஷன் கடைசில ஒவ்வொரு படிக்கும் ஒரு லேபிள் வெச்சு, எந்தப் படில தோத்தியோ அதுக்கு முந்தின படியில இருந்து பிரிச்சுட்டு வர்ற கோட்டூவ கெர்னலோட கோடிங் ஸ்டைல் கையேடே சொல்லிக் குடுக்குது. எல்லாத்துக்கும் ஒரே எரர் லேபிள் போட்டா, வாங்காத பொருளுக்குள்ள கைய விட்டு உடைப்பேன்னும் அங்கயே எச்சரிக்குது. லேபிள் பேர படிச்சாலே அங்க என்ன பிரிக்கிறாங்கன்னு தெரியணும்.

இத சொன்னா பசங்க உடனே கேப்பாங்க, சார் பூட் ஆகும்போது மெமரி எங்க தீரப்போகுது, இந்த வழி என்னைக்கோ ஒருநாள் தான ஓடும்னு. போன் பக்கம், அதுல இருக்குற ஆர்ம் வகை சிப் பக்கம் வந்து பாருங்க. அங்க ப்ராசஸர் வேகத்த மாத்துற சிபியூஃப்ரீக் டிரைவருக்கு வேகத்துக்கான துடிப்பு குடுக்குற க்ளாக் வேணும், வோல்டேஜ் குடுக்குற ரெகுலேட்டர் வேணும், அதெல்லாம் வேற டிரைவர் குடுக்கணும், அது இன்னும் ரெடியாகலைன்னா மைனஸ் 517-னு ஒரு நம்பர் வரும், இப்ப முடியாது அப்புறம் வான்னு அர்த்தம், கெர்னல் கொஞ்ச நேரம் கழிச்சு அதே செட்டப்ப முதல்ல இருந்து கூப்பிடும். அதாவது பக்காவா இருக்குற போன்லயே எரர் வழி சாதாரணமா ஓடுது, ஒவ்வொரு தடவையும் பாதி செட்டப்ப பிரிக்காம விட்டா ஒவ்வொரு தடவையும் மிச்சம் சேரும்.

இன்னொண்ணு, எல்லா எரரும் ஒண்ணு கிடையாது. மைனஸ் 12-ன்னா மெமரி கிடைக்கல, மைனஸ் 16-ன்னா அந்த இடத்த ஏற்கனவே வேற டிரைவர் பிடிச்சிருக்கு, இன்டெல் ஐடில் முதல்ல ஏறிட்டா ஏசிபிஐ ஐடிலுக்கு இடம் கிடையாது, அது சகஜம், பதற வேண்டியதில்ல. தூக்க டிரைவர் ஏறலங்கிறதுக்காக பூட்டையே நிறுத்துறதும் தப்பு, வாய மூடிட்டு போறதும் தப்பு, லாக்ல தெளிவா ஒரு வரி எழுதிட்டு, தொட்டத பிரிச்சு வெச்சுட்டு, மெஷின ஓட விடணும். இத முடிவு பண்றதுக்கு தான் நிதானம் வேணும், வெறும் சிண்டாக்ஸ் தெரிஞ்சா பத்தாது.

உதவிக்கு டூல்ஸும் இருக்கு. மெமரி கேக்கும்போது வேணும்னே இல்லன்னு சொல்ல வைக்கிற ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் 2007-ல வந்த 2.6.20 கெர்னல்ல இருந்தே இருக்கு, டிவைஸ் போனா, அதுக்கு வாங்கினதெல்லாம் தானா பிரிஞ்சிக்கிற டெவ்எம் ஃபங்ஷன்ஸ் இருக்கு, 2023-ல இருந்து ஃபங்ஷன விட்டு வெளிய வந்தா தானா மெமரிய விடுற வசதியும் வந்துடுச்சு. நம்ம காலேஜ் சி லேப்ல இதெல்லாம் கண்ணுலயே படாது, மெமரி கேக்குற மேலாக் (malloc) ஃபங்ஷன் திருப்பிக் குடுத்தத செக் பண்ணாமலே ரெக்கார்ட் நோட்ல கையெழுத்து வாங்கிடலாம், அவுட்புட் வந்தா போதும்.

லேப் எக்ஸாம்ல ஒரு கேள்வியாவது இப்படி வைக்கச் சொல்லுங்க, அஞ்சு படி இருக்குற செட்டப், மூணாவது படி தோக்குது, மிச்சம் வைக்காம வெளிய வா, அதுக்கு தனி மார்க். 2011-ல இருந்து அரசு குடுத்த லேப்டாப்ல மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கோட சென்னை மையம் உருவாக்குன பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, அத வெச்சிருக்கிற பசங்க இன்னும் எத்தனையோ பேரு, கெர்னல் சோர்ஸ் இலவசமா கிடைக்குது, படிச்சுப் பாக்க காசு வேண்டாம். உங்க கல்வி இணைப்புல மாசம் ஒரு தடவ இந்த மாதிரி ஒரு நிஜமான திருத்தத்த எடுத்து, முன்னாடி கோட் எப்படி இருந்துச்சு பின்னாடி எப்படி ஆச்சுன்னு தமிழ்ல விளக்கிப் போடுங்க, முதல் ரெண்டு மூணுக்கு எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், கோயம்புத்தூர்