பருவ நிறைவு மடல்: செயல்திட்ட அட்டைகள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விழா, குறள் ஒப்புவித்தல், விளையாட்டு நாள் எல்லாம் நல்லபடியாக நடந்தேறின. பங்கேற்ற பிள்ளைகள் அனைவருக்கும் வாழ்த்துகள்.

ஆறாம் நிலை மாணவர்களின் கலிஃபோர்னியா வரலாற்றுச் செயல்திட்டம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ஹைரம் ஜான்சன் பற்றி வந்த அட்டைகள் பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் பலவற்றில் கையெழுத்து பெரியவர்களுடையது. பிழைகளும்தான்.

ஓர் அட்டையில் அவர் 'நியமிக்கப்பட்ட' ஆளுநர். அது இந்திய வழக்கம். ஜான்சன் 1910 தேர்தலில் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் அரசியல் பிடியை எதிர்த்து வென்றவர். இன்னொன்றில் சான் பிரான்சிஸ்கோ அரசியல் புள்ளி ஏப் ரூஃப் மீதான ஊழல் வழக்கைத் தொடக்கத்திலிருந்தே அவர் நடத்தினாராம். 1908 நவம்பரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் பிரான்சிஸ் ஹீனி நீதிமன்றத்திலேயே சுடப்பட்ட பிறகுதான் வழக்கு ஜான்சன் கைக்கு வந்தது. ஹீனி பிழைத்துக்கொண்டார். தந்தை குரோவ் ஜான்சனும் வழக்கறிஞர், அரசியல்வாதி என்பதால் இருவரின் ஆண்டுகளும் கலந்துவிடுகின்றன. பிறந்த ஆண்டை (1866) முதலில் எழுதிவைத்தால் இது நேராது.

1911 அக்டோபர் 10 அன்று மக்கள் ஏற்ற திரும்ப அழைக்கும் முறையில்தான் (பதவியில் இருப்பவரை வாக்காளர்களே வாக்களித்து நீக்கும் முறை) கணக்கு அதிகம் பிசகுகிறது. மாநிலப் பதவிகளுக்கு வேண்டிய 12 சதவீதக் கையொப்பம் மக்கள்தொகையில் அல்ல, முந்தைய தேர்தலில் அந்தப் பதவிக்குப் பதிவான வாக்குகளில். 10 லட்சம் வாக்குகள் பதிவாகியிருந்தால் 1,20,000 கையொப்பங்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1913 அந்நியர் நிலச் சட்டத்தைச் சில அட்டைகளிலிருந்து வேண்டுமென்றே நீக்கியிருக்கிறீர்கள். குடியுரிமை பெறத் தகுதியற்றோர் என வகுக்கப்பட்டவர்கள் விவசாய நிலம் வாங்கத் தடை விதித்த சட்டம் அது. குறிவைத்தது ஜப்பானியரை, 1923இல் இந்தியர்க்குக் குடியுரிமைத் தகுதி இல்லையென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் நம்மவரையும் தொட்டது. அதில் கையெழுத்திட்டவரும் இதே ஜான்சன்தான். பிள்ளை தேடி எழுதியதைப் பெற்றோர் அடிப்பதைப் பள்ளி ஏற்காது. அப்படிப்பட்ட அட்டைகளுக்கு மதிப்பெண் கிடையாது, திருப்பி அனுப்பப்படும்.

உங்கள் அக்கறையில் குறை காணவில்லை. வார இறுதியை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். அட்டை, பசை, வண்ணம் எல்லாம் உங்கள் செலவு. அதற்கு மனமார்ந்த நன்றி. திருத்திய அட்டைகளை அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்