சும்மா படுத்திருந்தாலும் செலவுதான்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதை இவருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விடவில்லை, துணி காய்வதில்லை.

மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் பொய் சொல்கிறது என்று எழுதியிருந்தாய். கால் சுளுக்கி நாளெல்லாம் கட்டிலில் கிடந்தும் 1,100 கலோரி செலவானதாகக் காட்டியதாம். அது பொய் இல்லை. சும்மா கிடந்தாலும் உடம்பு செலவழிக்கிற கலோரியை எடை, உயரம், வயதை வைத்துக் கணக்கிட மிஃப்ளின் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990-இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று உண்டு. 62 வயது, 155 சென்டிமீட்டர், 60 கிலோ என்று போட்டேன் (எடை நீ சொன்னதுதான், நம்பிவிட்டேன்). 1,098 வந்தது.

நீ படுத்திருந்தாலும் உள்ளே எதுவும் படுப்பதில்லையே! இதயமும் சிறுநீரகமும் ஓய்வதே இல்லை. ஒவ்வொரு செல்லும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஓய்வுச் செலவில் ஐந்தில் ஒரு பங்காவது இதற்கே போகிறது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் செலவில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. உன் கணக்கில் 220 கலோரி, ஒரு ரொட்டி சானாய்கூட ஆகாது. உட்கார்ந்து சுடோகு போட்டால் இளைக்கலாம் என்று நினைக்காதே, மூளையைக் கசக்கினாலும் அந்தச் செலவு பெரிதாக ஏறாது. தசையும் ஜிம்காரர்கள் சொல்கிற அளவுக்கு எரிப்பதில்லை: சும்மா இருக்கையில் ஒரு கிலோ தசைக்கு நாளுக்குச் சுமார் 13 கலோரிதான்.

"நாற்பதைத் தாண்டினால் எரிப்பது குறைந்துவிடும்" என்று நாம் எல்லாரும் சொல்லி வந்தோமே, 2021-இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. உடல் அளவில் உள்ள வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 20-லிருந்து 60 வரை அது ஏறக்குறைய மாறுவதே இல்லையாம். அதற்கப்புறம்தான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் போல இறங்குகிறது. அப்படியென்றால் நம் நாற்பதுகளில் இடுப்பு பெருத்ததற்கு நாசி லெமாக் என்று அள்ளிப் போட்ட தேங்காய்ப்பால் சோற்றைத்தான் கேட்க வேண்டும்.

இராச்சாப்பாட்டை நிறுத்திவிட்டேன் என்றாயே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. ரொம்பக் குறைத்தால் உடம்பும் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், தசையும் கரையும். நம் வயதில் தசை போனால் திரும்பச் சேர்ப்பது லேசில்லை. சோறு கொஞ்சமாக இருக்கட்டும், கூட ஒரு முட்டையோ மீனோ பருப்போ சாப்பிடு.

கால் குணமானதும் ஈப்போவிலிருந்து புறப்பட்டு வா. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை மெதுவாக ஏறலாம். வரும்போது தம்பூன் பொமலோப் பழம் இரண்டு கொண்டு வா, இங்கே விலை கேட்கவே முடியவில்லை.

அன்புடன்,
சாந்தி