12 பேர் சேரும்வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தம்பிக்குப் பரீட்சை நெருங்குகிறது, வீட்டில் அவனைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது.

போன வாரம் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "அங்கே ரொம்பக் குளிருதா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் பெர்த்துக்கும் நம் சிங்கப்பூருக்கும் கடிகாரம்கூட ஒன்றுதான். நினைத்தால் உடனே கூப்பிட்டுப் பேசலாம். ஆனால் இந்த விஷயத்தைப் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொடக்கப்பள்ளி வாசலையே மிதிக்காத பெண் எப்படித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆனாள் என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் ஆச்சரியப்பட்டார்களாம். அன்று இரவு நீ என்னிடம் கேட்டாய்: "எங்களை வீட்டுலேயே படிக்க வெச்சதுக்கு எப்பவாவது வருத்தப்பட்டீங்களாப்பா?"

முதலில் அது எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். உனக்கு அம்மா சொன்ன கதை மட்டும்தான் தெரியும். அம்மா ஆசிரியராக இருந்தவள், பிள்ளைகளுக்குத் தானே சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டாள், அது உண்மை. என் காரணம் வேறு. பஸ் ஓட்டுகிறவனின் நேரம் உனக்குத் தெரியும். காலை ஷிப்ட் என்றால் நான்கு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், மாலை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப நள்ளிரவு ஆகும். ஓய்வு நாள் பெரும்பாலும் செவ்வாய், புதன் என்று வார நாளில்தான் வரும். நீ பள்ளிக்குப் போயிருந்தால், நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் நீ இருக்க மாட்டாய், நீ இருக்கும் நேரத்தில் நான் ரோட்டில் இருப்பேன். தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே காலம் போய்விடும் என்று பயந்தேன். அம்மா இந்த யோசனையைச் சொன்னபோது, படிப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளைப் பற்றித்தான் யோசித்தேன்.

அது சுலபமாக நடக்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்திருந்தது. உன்னை வீட்டில் படிக்க வைக்கக் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். எந்தப் பாடத்தை எப்படி, எந்தப் புத்தகத்தை வைத்து நடத்தப் போகிறோம் என்று அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு வாரம் எழுதினாள். அப்புறம் வருஷா வருஷம் முன்னேற்ற அறிக்கை. கடைசியில், ஆறாம் வகுப்பு வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போலத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. அந்த வருஷம் எழுதும் பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழே இருக்கும் 33 விழுக்காட்டைத் தாண்டி நீ நிற்க வேண்டும். உனக்கு ஆறு வயதாக இருந்தபோது அந்த எண் எனக்குத் தூரத்தில் தெரிந்த மலை மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்தபோது என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகள் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது? தம்பி முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த தமிழ்ச் சொல் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஒரு சேலைக்கடையில் தொங்கிய 'தள்ளுபடி'. அதை அவன் சிராங்கூன் ரோடு முழுக்கக் கத்திக்கொண்டே வந்தான். தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல்லின் முன்னால் நீ முக்கால் மணி நேரம் நின்றாய். ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பெரிய பாறை அது. 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டில் உள்ள எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொல்லவில்லை. நீ நோட்டில் ஒவ்வொரு வளைவையும் வரைந்துகொண்டு, "இது நம்ம 'ற' மாதிரியே இருக்குப்பா, நான் பெரியவளாகிப் படிச்சுடுவேன்" என்றாய். பாதுகாவலர் உனக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

தாத்தாவோடு போன ரயில் பயணத்தை நான் பல முறை நினைத்துக்கொள்கிறேன். 2011 ஜூன் மாதம். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தாத்தா பிடிவாதமாக நின்றார், பேரப்பிள்ளைகளோடு ஒரு தடவை மலேசியாவில் இருக்கும் குளுவாங் வரை போயே ஆக வேண்டும் என்று. அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. மலேசியக் குடிநுழைவுச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே நடந்தது. சிங்கப்பூர்ச் சோதனையோ 1998 முதல் எல்லைக்குப் பக்கத்தில், உட்லண்ட்ஸில். "அப்படின்னா இப்ப நாம மலேசியாவுக்குள்ள வந்துட்டோம், ஆனா சிங்கப்பூரை விட்டு இன்னும் போகலை. இந்த நடுவுல நாம எந்த நாட்டுல இருக்கோம்?" உனக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பாட்டி அம்மாவிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உன் கன்னத்தைத் தட்டினார். ஜூன் 30ஆம் தேதி இரவு ஜோகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் புக்கித் தீமாவில் தண்டவாளத்தின்மேல் நாம் நடந்தோம். தாத்தா ஒரு சரளைக்கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு, அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அந்தக் கல் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது.

ஆனால் நம் குடும்பத்து இடம் என்றால் உபின் தீவுதான். சாங்கிப் படகுத்துறையில் படகுக்கு நேரம் கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். வார நாளில் எங்கே 12 பேர் சேர்வது! நாம் நால்வர், சைக்கிளோடு வந்த இரண்டு பேர், அவ்வளவுதான். ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மற்றவர்களின் காசையும் நாமே கொடுத்துக் கிளம்பிவிடலாம் என்று நான் அவசரப்பட்டேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இருங்க, வகுத்தல் பாடம் வந்துடுச்சு" என்று பையைத் திறந்தாள். ஆறு பேர் 12 பேரின் காசைப் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு, எட்டு பேர் வந்துவிட்டால் எவ்வளவு என்று நீயும் தம்பியும் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஒரு மலாய்க் குடும்பமே வந்து சேர்ந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் படகில் சொன்னார், தீவின் பழைய கருங்கல் குழிகளிலிருந்து வெட்டிய கல்லும் சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் பாலத்துக்குப் போனது என்று. தாத்தாவின் ரயில் அந்தக் கல்லின்மேல்தான் கடலைத் தாண்டியது என்று பிற்பாடு நீயாகவே முடிச்சுப் போட்டாய்.

2007இல் உபின் கடற்கரையான செக் ஜாவாவில் நடைபாலம் திறந்த வருஷம் உனக்கு ஏழு வயது. கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் அங்கே எதையும் பார்க்க முடியும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள், சேற்றில் துள்ளும் மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நட்சத்திர மீன். அதற்காகக் கடல் ஏறுகிற, வற்றுகிற நேர அட்டவணையை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். நீ அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாய். எட்டு வயதில் ஒரு நாள் இரவு நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது தூங்காமல் காத்திருந்து சொன்னாய்: "அப்பா, தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகுது. யாரோ தள்ளிவிடுறாங்க." யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. அடுத்த நாள் அம்மா நிலாவைப் பற்றிச் சொன்னாள். நீ படித்தவள் ஆனது எனக்கு அன்றைக்குத்தான். அப்புறம் நீ வாங்கிய பட்டம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சரி, இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

2012 வந்ததும் நான் மாறிவிட்டேன். சொந்தக்காரர் ஒருவர் பொங்கலன்று நம் வீட்டிலேயே உட்கார்ந்து, "பிள்ளையை ஊர்சுத்தவெச்சே கெடுத்துட்டீங்க, பரீட்சையில தெரியும்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 33, 33 என்று அந்த எண்ணே மனத்தில் ஓடியது. நீ தேறாமல் போனால் அது உன் தோல்வி இல்லை, என் பேராசை என்று தோன்றியது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் கணக்குத் தாள்தான். அம்மா எவ்வளவோ தடுத்துச் சொல்லியும் நான் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் வேகம், தூரம், நேரம் கணக்கில் நீ ஒரே தவற்றை மூன்றாவது முறை செய்தாய். நான் கத்தினேன். எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடல் அட்டவணையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். "இதெல்லாம் போதும், பரீட்சை முடியட்டும்" என்றேன். நீ அழவில்லை. தாளைத் திருப்பிக் கணக்கை மறுபடி போட ஆரம்பித்தாய்.

நவம்பரில் முடிவு வந்தது. அந்த எண்ணுக்கு வெகு தூரம் மேலே இருந்தாய். நான் அன்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். டிசம்பரில் மறுபடி உபின் போனோம், நீயும் வந்தாய், சிரித்தாய், படம் எடுத்துக்கொண்டாய். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அலமாரியை ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. 2007 ஜூலையில் தொடங்குகிறது, உன் கோணல் எழுத்து. வருஷம் போகப் போக எழுத்து நேராகிறது. நண்டுப் படங்கள், நிலாவின் படங்கள், தம்பியின் கிறுக்கல். கடைசிக் குறிப்பு 2012 பிப்ரவரி 20. அதற்கப்புறம் எல்லாம் வெற்றுத் தாள். டிசம்பரில் போனபோது நீ எழுதவே இல்லை. அதன் பிறகும் எழுதவில்லை. நான் இத்தனை வருஷமாக அதைக் கவனிக்கக்கூட இல்லை பாப்பா.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். உன்னை வீட்டில் படிக்க வைத்ததற்கு நான் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. அந்த அட்டவணையைக் கிழித்ததற்கு வருத்தப்படுகிறேன். நம்மை நாமே நம்பி ஐந்து வருஷம் நடத்தினோம், ஆறாவது வருஷம் நான் மட்டும் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் போட்டேன். என்னை மன்னித்துவிடு. அன்றே கேட்டிருக்க வேண்டும்.

உன் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு வேறு எதையோ நோட்டில் வரைந்துகொண்டிருந்தால், அது என்ன என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பார். நீ கேட்பாய் என்று தெரியும். அப்பாவுக்காகவும் ஒரு தடவை கேள்.

டிசம்பரில் வரும்போது விமானச்சீட்டு போட்டதும் தேதியைச் சொல். அந்த நாட்களில் கடல் எப்போது வற்றும் என்று பார்த்துவைக்கிறேன். முடிந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை போகலாம். படகு இன்னமும் 12 பேருக்குத்தான் காத்திருக்கிறது. அம்மா முழங்காலோடு ஏறுவாளா தெரியவில்லை, ஆனால் இப்போதே தொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நோட்டை என் மேசையில் வைத்திருக்கிறேன். உனக்கு அங்கே போக மனம் இல்லையென்றாலும் சொல்லிவிடு, தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு சும்மா பஸ்ஸில் ஒரு சுற்று சுற்றி வருவோம்.

அன்புடன்,
அப்பா